மூக்கைத் திருத்த ஊசியா, கத்தியா?

ஃபில்லர் ஊசியால், அதாவது தோலுக்கடியில் ஜெல் நிரப்பும் ஊசியால், மூக்கில் எதையும் குறைக்க முடியாது, கூட்டத்தான் முடியும். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சப்பை மூக்கின் தண்டை உயர்த்த ஊசி போதும். கிளி மூக்கு என்றால், மேட்டுக்கு மேலும் கீழும் உள்ள பள்ளங்களை நிரப்பினால் பக்கவாட்டில் கோடு நேராகத் தெரியும். மேடு இருந்த இடத்திலேயேதான் இருக்கும். பெருத்த நுனி, விரிந்த மடல், வளைந்த நடுச்சுவரால் வரும் மூச்சடைப்பு ஆகியவற்றுக்கு ஊசியில் வழியே இல்லை. ஊசியாலேயே மூக்கைச் சிறிதாக்குகிறோம் என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசி அரைமணி நேர வேலை. மரப்புக் களிம்பு தடவி, ஹயலூரானிக் அமில ஜெல்லை 0.5 முதல் 1 மி.லி. வரை சிறு சிறு சொட்டாக, நடுக்கோட்டில், எலும்பையும் குருத்தெலும்பையும் ஒட்டி வைப்பார்கள். முக்கிய ரத்தக் குழாய்கள் அதற்கு மேலடுக்கில் ஓடுவதால்தான் இந்த ஆழம். ஓராண்டு, மிஞ்சினால் ஒன்றரை ஆண்டு நிற்கும். பிடிக்காவிட்டால் ஹயலூரானிடேஸ் என்ற நொதியை ஊசியாகப் போட்டுக் கரைக்கலாம். சிலிக்கான் போன்ற நிரந்தர ஃபில்லரை அப்படிக் கரைக்க முடியாது. மூக்குக்கு அது வேண்டவே வேண்டாம்.

‘ஊசிதானே’ என்ற அலட்சியம்தான் இதில் ஆபத்து. மூக்குத் தண்டில் ஓடும் தமனி, கண்ணுக்குப் போகும் தமனியின் கிளை. ஜெல் அழுத்தத்தோடு அதற்குள் புகுந்தால் பின்னோக்கிப் போய் விழித்திரைத் தமனியை அடைத்துவிடும். அரிதுதான், ஆனால் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. தோலுக்குப் போகும் குழாய் அடைத்தால் முதலில் தோல் வெளிறும், பிறகு வலைபோல் நீலம் பாயும், ஓரிரு நாளில் சிறு கொப்புளங்கள், கடைசியில் கருகல். மாநிறத் தோலில் வெளிறல் சட்டென்று கண்ணில் படாது. நல்ல வெளிச்சத்தில் விரலால் 5 விநாடி அழுத்தி எடுங்கள். 2, 3 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். தாமதித்தாலோ வலி கூடினாலோ காலையில் பார்க்கலாம் என்று படுக்காமல் அப்போதே போங்கள். ஊசி போட ஒப்புக்கொள்ளும் முன் ஒன்று கேளுங்கள்: ஹயலூரானிடேஸ் கையிருப்பில் இருக்கிறதா, எத்தனை குப்பி? அடைப்பு வந்தால் 1500 யூனிட் குப்பி ஒன்று போதாமல் போகலாம்.

அறுவை, அதாவது ரைனோபிளாஸ்டி, பெரும்பாலும் முழு மயக்கத்தில் 2, 3 மணி நேரம் நடக்கும். மேட்டை ராவியபின் இருபக்க எலும்பையும் வெட்டி உள்ளே நகர்த்த வேண்டியிருக்கும். இல்லையென்றால் தண்டு கூரை பிரித்த வீடு மாதிரி அகன்று தட்டையாக நிற்கும். நுனியைத் தாங்கக் குருத்தெலும்பை நடுச்சுவரிலிருந்து எடுப்பார்கள். போதாவிட்டால் காது, விலா. நடுச்சுவரின் மேலும் முன்னும் குறைந்தது 1 செ.மீ. பட்டையை விட்டுவைக்காவிட்டால் பின்னால் தண்டு சேணம்போல் உள்வாங்கிவிடும். ஸ்பிளின்ட், அதாவது மூக்கைத் தாங்கும் கட்டு, ஒரு வாரம், கண்ணைச் சுற்றிய கன்றல் 2 வாரம். மூக்குக்கண்ணாடியைத் தண்டில் வைக்க 4 முதல் 6 வாரம் ஆகும்.

நம்மவர்கள் பலருக்கு நுனித் தோல் தடிமன். உள்ளே எவ்வளவு நேர்த்தியாகச் செதுக்கினாலும் அது கம்பளிபோல் மூடிக்கொள்ளும். வீக்கம் முழுதாக வடிய ஓராண்டுக்கு மேலும் ஆகும். 3-ஆம் மாதமே மறு அறுவை கேட்பது வீண். ஆசைப்பட்டு அளவுக்கு மீறிக் குறைத்தால் தோல் கூடவே சுருங்காது. நுனிக்கு மேல் தழும்புத் திசு திரண்டு, எந்தக் கிளி அலகை விரட்டப் போனோமோ அதுவே திரும்பி வரும்.

ஊசி மலிவு என்பது முதல் தடவைக்கு மட்டுமே. திரும்பத் திரும்பப் போட்டால் பணம் போவதோடு ஜெல் பக்கவாட்டில் பரவித் தண்டும் அகலமாகும். அடுத்த மாதக் கல்யாணத்துக்குள் தண்டு சற்றே உயர வேண்டுமென்றால் ஊசி சரி. மற்றவர்களுக்கு என் ஓட்டு கத்திக்குத்தான், அதுவும் வளர்ச்சி முடிந்த பிறகு. ஏற்கெனவே அறுவை செய்த மூக்கில் ஊசி இன்னும் ஆபத்து: தழும்பால் குழாய்கள் இடம் மாறியிருக்கும், திசு இறுகியிருக்கும். ஊசியை ஒத்திகையாகப் போட்டுக்கொண்டு அறுவைக்குப் போகிறவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். மிச்சமுள்ள ஜெல்லைக் கரைத்து, வீக்கம் வடிய விட்டுத்தான் கத்தி வைப்பார்கள்.