வராத மெட்ரோ ஸ்டேஷனைக் காட்டி 1,75,000 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள் – மொரீஷியஸ் நண்பர்கள் தயவுசெய்து படிக்கவும்

"மெட்ரோ வரப்போகிறது, இப்போதே புக் பண்ணிவிடுங்கள்" என்று யாராவது உங்களிடம் வீட்டுக்கு முன்பணம் கேட்டால் ஒரு சல்லிக்காசு கொடுக்காதீர்கள். நாங்கள் கொடுத்தது 1,75,000 மொரீஷியஸ் ரூபாய். வீடும் இல்லை, பணமும் இல்லை. போன் செய்தால் எடுப்பதும் இல்லை. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வீடு, மனை வாங்கி விற்றுத் தரும் ஆபீஸ் அது. பெரிய கம்பெனி இல்லை. ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் இரண்டு அறை, ஏ.சி., சுவர் முழுக்க வண்ணப் படங்கள். புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் இதே மாதிரி ஆபீஸ்கள் தீவு முழுக்க முளைத்திருக்கின்றன. மெட்ரோ எங்கே போகுமோ அங்கே அதற்கு முன்னால் இவர்கள் போய் நிற்கிறார்கள்.

வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி சொல்ல வேண்டும். இந்தத் தீவில் 1864 முதல் ரயில் ஓடியது, 1964-இல் அடியோடு நிறுத்திவிட்டார்கள். என் அம்மா சிறுமியாக இருந்தபோது சரக்கு ரயிலைக் கண்ணால் பார்த்தவர். அதற்குப் பிறகு எங்கே போனாலும் பஸ், இல்லாவிட்டால் கார். 2019 அக்டோபரில் ரோஸ் ஹில்லுக்கும் போர்ட் லூயிக்கும் இடையே மெட்ரோவைத் திறந்து வைத்தபோது அம்மா டிவி முன்னால் கைகூப்பினார். பழைய ரயில் பாதையை ஒட்டியே பெரும்பாலும் தண்டவாளம் போட்டார்கள். கட்டியது லார்சன் அண்ட் டூப்ரோ, இந்திய அரசும் பணம் கொடுத்தது. அப்புறம் காத்ர் போர்ன் வந்தது, 2022-இல் கியூர்பிப் வரை போனது, 2023 ஜனவரியில் ரோஸ் ஹில்லிலிருந்து எபேன் வழியாக ரெடுயிக்கு ஒரு கிளை திறந்தார்கள். சொன்ன இடத்துக்கெல்லாம் வண்டி வந்தது. அடுத்ததாக ரெடுயியிலிருந்து சேன் பியேர் வழியாகக் கோத் தோர் வரை நீளும் என்று அரசே அறிவித்திருந்தது. அதனால் அந்தப் பக்கமும் ஸ்டேஷன் வரும் என்று ஒருவர் சொன்னால் நம்பாமல் இருக்கக் காரணமே இல்லை. அந்த நம்பிக்கையைத்தான் இவர்கள் காசாக்கினார்கள்.

எங்களுக்குச் சொந்த வீடு கிடையாது. நான் ரோஸ் ஹில் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், கணவருக்கு எபேனில் வேலை, மகள் ரெடுயியில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். மூன்று பேருக்கும் ஒரே தண்டவாளம். சேன் பியேரில் ஸ்டேஷன் பக்கத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் என்று விளம்பரம் பார்த்ததும், எங்களுக்காகவே கட்டுகிறார்கள் போல என்று கணவர் சொன்னார்.

அந்த ஆபீஸுக்குப் போனோம். முப்பது வயது இருக்கும் ஒரு பையன். முதலில் இங்கே எல்லோரையும் போலக் கிரியோல் மொழியில்தான் பேசினான். என் பெயரைக் கேட்டான், தமிழ் டீச்சர் என்று தெரிந்ததும் எழுந்து நின்று "வணக்கம் மிஸ்" என்றான். பாட்டி சொல்லிக்கொடுத்த தமிழ் என்றான். தைப்பூசத்துக்குக் காத்ர் போர்ன் மலைக்கோவிலில் வருஷா வருஷம் காவடி எடுப்பதாகச் சொன்னான். இந்த ஊரில் வகுப்பறைக்கும் கோவிலுக்கும் வெளியே ஒரு இளைஞன் வாயிலிருந்து தமிழைக் கேட்பது எவ்வளவு அபூர்வம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்ம பிள்ளைடி" என்று என் காதில் சொன்னார்.

அதோடு விடவில்லை. "வாங்க மிஸ், நேரிலேயே காட்டுகிறேன்" என்று எங்கள் எல்லோரையும் மெட்ரோவில் ஏற்றி ரெடுயிக்கு அழைத்துப் போனான். டிக்கெட்டும் அவனே எடுத்தான். கடைசி ஸ்டேஷனில் இறங்கி, பிளாட்பார ஓரத்தில் நின்று, சேன் பியேர் பக்கம் கையை நீட்டினான். "இதே தண்டவாளம் அப்படியே நேராகப் போகும் மிஸ். உங்கள் வீட்டு பால்கனியிலிருந்து வண்டி வருவதைப் பார்த்துவிட்டு இறங்கினால் போதும்." கோத் தோரில் 2019 இந்தியப் பெருங்கடல் தீவுகள் விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய விளையாட்டு வளாகம் இருக்கிறதே, அவ்வளவு பெரிய வளாகத்தைக் கட்டிவிட்டு ரயில் விடாமல் இருப்பார்களா என்று கேட்டான். 2022 ஜனவரியில் மெட்ரோவுக்கும் மற்ற வேலைகளுக்கும் இந்தியா 19 கோடி டாலர் கடன் தர ஒப்பந்தம் போட்டதைப் பேப்பர் கத்தரிப்போடு காட்டினான். அவன் சொன்ன செய்தி ஒவ்வொன்றும் உண்மை. அவன் விற்ற வீடு மட்டும் பொய்.

ஆபீஸுக்குத் திரும்பியதும் மேஜைமேல் ஒரு வரைபடத்தை விரித்தான். வழவழப்பான தாள். ரெடுயி, எபேன் ஸ்டேஷன்கள் எந்தச் சிவப்பு வட்டத்தில் இருந்தனவோ, அதே அளவு, அதே சிவப்பில் சேன் பியேர் ஸ்டேஷனும் இருந்தது. ஓடுகிற ஸ்டேஷனுக்கும் இன்னும் கட்டாத ஸ்டேஷனுக்கும் அந்தத் தாளில் எந்த வித்தியாசமும் இல்லை. அந்த வட்டத்தை ஒட்டி எங்கள் கட்டடம். "ஐந்து நிமிட நடை" என்று கொட்டை எழுத்தில்.

முன்பணம் 1,75,000 ரூபாய். வங்கிக் கடன் கிடைக்காவிட்டாலோ வீடு கட்டாவிட்டாலோ முழுசாகத் திரும்பும் என்று அம்மாவின் தலைமேல் கை வைக்காத குறையாகச் சொன்னான். இது கணவரின் ஆண்டு முடிவு போனஸும் நான் கட்டி முடித்த சீட்டுப் பணமும் அம்மாவின் சேமிப்பும் சேர்ந்த தொகை. கம்பெனி கணக்கில் போட்டோம். ரசீது கொடுத்தான், முத்திரை குத்தினான், கோவில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் நீட்டினான். வீட்டுப் பத்திரம் எழுதித் தரும் நோட்டேரிடம் எப்போது போகிறோம் என்று கணவர் கேட்டார். "ஃபைல் தயாராகிக்கொண்டிருக்கிறது, நாங்களே கூப்பிடுகிறோம்" என்றான்.

கூப்பிடவே இல்லை.

முதலில் நாங்கள் போன் செய்தால் எடுத்துப் பேசினான். "பா த்ரகாசே மிஸ்", கவலைப்படாதீங்க, அடுத்த வாரம். அடுத்த வாரம் கேட்டால் கட்டட அனுமதி வரவேண்டும். அப்புறம் முதலாளி வெளிநாட்டில் இருக்கிறார். அப்புறம் மழைக்காலம், சைக்ளோன் எச்சரிக்கை. 2024 நவம்பரில் தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. அது அவனுக்கு நல்ல சாக்காகப் போய்விட்டது. "புது அரசாங்கம் எல்லாத் திட்டத்தையும் திரும்பப் பார்க்கிறது மிஸ், நாங்கள் என்ன செய்ய முடியும்?" சரி, அப்படியானால் பணத்தைக் கொடு என்றோம். அதற்குப் பிறகு தமிழ் நின்றுவிட்டது. கிரியோலில்கூடப் பேசவில்லை. நேராகப் பிரெஞ்சில், "உங்கள் கோரிக்கையை எழுத்தில் அனுப்புங்கள், மதாம்" என்றான்.

எழுத்தில் அனுப்பினோம். வந்த பதிலைப் படித்தபோதுதான் இவர்களின் சூது முழுசாகப் புரிந்தது. நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளில், திட்டம் ரத்தானால் பணம் திரும்பும் என்று இருக்கிறது. இவர்கள் சொல்கிறார்கள்: திட்டம் ரத்தாகவில்லை, தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே திருப்பித் தர வேண்டியதில்லையாம். எது வரைக்கும் தள்ளிப்போகும் என்று கேட்டால், மெட்ரோ வரும் வரைக்கும். மெட்ரோ எப்போது வரும் என்று கேட்டால், அதை அரசாங்கத்திடம் கேளுங்கள். வீட்டை விற்கும்போது மெட்ரோவுக்கு இவர்கள்தான் பொறுப்பு மாதிரி பேசினார்கள். பணத்தைக் கேட்டால் மெட்ரோவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இல்லை!

நாங்களாக ஒரு நோட்டேரைப் பிடித்து விசாரிக்கச் சொன்னோம். அவர் பத்திரப் பதிவில் தேடிப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். அந்த நிலம் இந்தக் கம்பெனி பெயரில் இல்லை. வேறொருவருடைய கரும்புத் தோட்டம். கரும்பு நிலத்தில் வீடு கட்ட வேண்டும் என்றால் முதலில் நில மாற்ற அனுமதி வாங்க வேண்டும், அப்புறம் கட்டட அனுமதி. இரண்டுமே இல்லை. நாங்கள் போய்ப் பார்த்தோம். ஆளுயரக் கரும்பு நிற்கிறது, ஓரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு நாய். ஒரு கல்கூட நடவில்லை. மெட்ரோ நாளைக்கே வந்தாலும் அங்கே எங்களுக்கு வீடு இல்லை. அப்படியானால் தாமதத்துக்கு ஆட்சி மாற்றம் காரணம் என்று சொன்னது எவ்வளவு பெரிய புளுகு!

இன்று மதியம் பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு சகோதரி, வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம் ஒன்றைக் காட்டி நல்ல இடமா என்று கேட்டார். அதே நான்கு மாடிக் கட்டடம். அதே நீலக் கண்ணாடி பால்கனி, வாசலில் சிவப்புக் குடையோடு நடக்கும் அதே பெண். கம்பெனி பெயர் வேறு, ஊர் பெயர் வேறு. எங்களிடம் விற்ற அதே படம்! "மெட்ரோவுக்கு ஐந்து நிமிட நடை" என்ற எழுத்தைக்கூட மாற்றவில்லை. அந்த எண்ணுக்கு அவருடைய போனிலிருந்து அழைத்தேன். அதே குரல். என் பெயரைச் சொன்னதும் வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அந்த எண்ணும் எடுக்கவில்லை.

மெட்ரோமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறேன். ஆனால் தண்டவாளம் போகும் வழியில் ஏழை பாழைகள்தான் அடிபடுகிறார்கள். 2017-இல் போர்ட் லூயியின் லா புத் பகுதியில் மெட்ரோவுக்காக வீடுகளை இடித்தபோது அந்தக் குடும்பங்கள் அழுததை எல்லோரும் பார்த்தோம். இப்போது ஸ்டேஷன் பக்கம் நிலத்துக்கு விலை ஏறுகிறது என்று சொல்லி, வாடகை வீட்டில் இருப்பவர்களின் ஆசையைக் கறக்க ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. பணக்காரன் இதில் மாட்டமாட்டான், அவனுக்கு வக்கீல் இருக்கிறார். மாட்டுவது சீட்டுப் போட்டுச் சேர்த்தவர்கள்தான்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஒரு நிலையில் இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஓடுகிற ஸ்டேஷனைத் தவிர வேறு எந்த ஸ்டேஷனுக்காகவும் ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். கட்டி முடிக்காத வீடு என்றால் வெஃபா ஒப்பந்தம், அதாவது கட்டி முடிக்கும் முன்பே விற்கும் வீட்டுக்கான ஒப்பந்தம், நோட்டேர் முன்னால் நடக்க வேண்டும், வேலை நடக்க நடக்கத்தான் பணம் போக வேண்டும், கட்டி முடிப்பதற்கு உத்தரவாதம் யார் தருகிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் காட்டும் நோட்டேர் வேண்டாம், நீங்களே ஒருவரைப் பிடியுங்கள். நிலம் யார் பெயரில் என்று பார்க்காமல் பேனாவைத் தொடாதீர்கள். கரும்பு நிலம் என்றால் நில மாற்ற அனுமதித் தாளைக் கையில் வாங்கிப் பாருங்கள். "ரத்தானால்" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது, இன்ன தேதிக்குள் தொடங்காவிட்டால் பணம் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். நம் மொழியில் பேசினான், நம் கோவிலுக்கு வருகிறான் என்பதற்காக எந்தத் தாளையும் பார்க்காமல் விடாதீர்கள்.

நீலக் கண்ணாடி பால்கனி, சிவப்புக் குடைப் பெண் படம் உங்களுக்கும் வந்திருந்தால், பணமும் கட்டியிருந்தால், கீழே சொல்லுங்கள். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். போலீஸில் தனித்தனியாகப் போய் நின்றால் "இது சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து, ஒரே படத்தை வைத்து வெவ்வேறு ஊரில் விற்றிருக்கிறார்கள் என்று காட்டினால் அப்படிச் சொல்ல முடியாது.

அந்தப் பையனும் இதைப் படிப்பான் என்று தெரியும். தம்பி, ரசீது என்னிடம் இருக்கிறது, நீ அனுப்பிய செய்திகள் அத்தனையும் இருக்கின்றன. 1,75,000 ரூபாய். தவணையெல்லாம் வேண்டாம், முழுசாக வர வேண்டும்.