பிரிண்டரா, பெட்டியா, பட்டறை மேசையா? மொரிசியஸ் தொடக்கப் பள்ளிக்கு எது முதலில்?

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் எழும் கேள்வி இது: பிள்ளைகள் கையால் பொருள் செய்து பழக மேக்கர்ஸ்பேஸ் என்று ஓர் அறையை ஒதுக்கினால் அதில் முதலில் எதை வாங்கி வைப்பது? 3டி பிரிண்டர் என்பார் ஒருவர். துண்டுகளைப் பூட்டி ரோபோ செய்யும் பெட்டி என்பார் இன்னொருவர். மைக்ரோபிட் என்னும் குட்டிக் கணினிப் பலகையை வாங்கித் தோட்டத்தோடு சேர்த்துவிடலாம் என்பார் மூன்றாமவர். கத்தரிக்கோல், ரம்பம், அட்டை, கயிறு எல்லாம் பரப்பிய ஒரு மேசை போதும் என்றால் மட்டும் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் நான் அந்த மேசையின் கட்சி.

எடைபோட இரண்டு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகளின் கை அதில் படும்? வேலை முடிந்தபின் செய்த பொருள் எங்கே போகும்? இரண்டாவது கேள்வியை இந்தத் தீவில் தட்டிக்கழிக்கவே முடியாது. 1997-இல் திறந்த மார் ஷிக்கோஸ் குப்பைமேடு ஒன்றுதான் தீவு முழுமைக்கும்.

பிரிண்டரைக் கண்டால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் சுற்றி நின்று பார்க்கத்தான் முடியும். ஒரு சின்னப் பெயர்ப்பலகை அச்சாகவே அரை மணி, முக்கால் மணி ஆகிவிடும். முப்பது பேர் வகுப்பில் கடைசிப் பிள்ளையின் முறை எப்போது வரும்? பிரிண்டர் உருக்கி அச்சிடும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழை சோளத்திலிருந்தும் கரும்பிலிருந்தும் வருகிறது, அதனால் பசுமையானது என்று விற்பவர்கள் சொல்வார்கள். கரும்பு விளையும் ஊரில் இது காதுக்கு இனிக்கும். ஆனால் அந்த இழை மக்க வேண்டுமானால் ஏறத்தாழ 60 டிகிரி சூடு நிலைக்கும் தொழிற்சாலை உரக்கிடங்கு வேண்டும். பள்ளித் தோட்டத்துக் குழியில் போட்டால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். போதாக்குறைக்கு, நம் ஈரக்காற்றில் இழை தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு, அச்சாகும்போது நூல் நூலாய் இழுபடும். பார்வைக் குறைவுள்ள பிள்ளை விரலால் தடவி அறிய ஒரு தீவு வரைபடம் வேண்டுமென்றால் பிரிண்டர் மிக அருமையான கருவி. அந்த வேலைக்கு வட்டாரத்தில் நாலைந்து பள்ளிகளுக்குப் பொதுவாக ஒன்று இருந்தால் போதும்.

ரோபோ பெட்டிகளில் லெகோ ஸ்பைக் எசென்ஷியலை எடுத்துக்கொள்வோம். 449 துண்டுகள், இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி என்பது கணக்கு. பற்சக்கரம் பற்சக்கரத்தைத் திருப்புவதை இதைப்போல் துல்லியமாக அட்டையில் காட்ட முடியாது. அதை நான் மறுக்கமாட்டேன். என்னை உறுத்துவது மணி அடிக்கும் நேரம். பிள்ளை செய்ததை அப்போதே பிரித்து, துண்டுகளை எண்ணிப் பெட்டியில் திருப்பி வைக்க வேண்டும். அம்மாவிடம் காட்ட வீட்டுக்கு எதுவும் போகாது. நாலு துண்டு தொலைந்தால் அந்தப் பெட்டி நொண்டியடிக்க ஆரம்பித்துவிடும்.

மைக்ரோபிட் இவை இரண்டையும்விட எனக்கு நெருக்கமானது. உள்ளங்கைக்குள் அடங்கும்; 25 சிவப்பு விளக்குகள், இரண்டு பொத்தான்கள், சூட்டையும் அசைவையும் அறியும் உணரிகள். இரண்டு ஆணிகளை மண்ணில் குத்தி, கவ்விக் கம்பிகளால் இணைத்தால் செடிக்குத் தண்ணீர் வேண்டுமா என்று சொல்லிவிடும். ஈர மண்ணில் மின்சாரம் எளிதாக ஓடும், காய்ந்த மண்ணில் ஓடாது, அவ்வளவுதான் சூட்சுமம். இடைவிடாமல் மின்சாரம் ஓடினால் ஆணி அரித்துப்போகும் என்பதால், அளக்கும் நொடியில் மட்டும் ஓடவிட வேண்டும். இதெல்லாம் நாலாம் வகுப்புக்கு மேல்தான் சரிப்படும். முதல் வகுப்புப் பிள்ளைக்கு விரலை மண்ணில் விட்டுப் பார்ப்பதுதான் பாடம், அதை எந்த உணரியும் அவனிடமிருந்து பறிக்கக் கூடாது.

இனி மேசை. 2020 ஜூலை 25 அன்று தென்கிழக்குக் கரையோரம் புவாந்த் தெஸ்னி பவளத்திட்டில் வகாஷியோ கப்பல் தட்டியது. ஆகஸ்ட் 6-இலிருந்து ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் கடலில் கலந்தது. அப்போது மாயேபூர்க் கரையில் மக்கள் என்ன செய்தார்கள்? கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்துத் தைத்தார்கள். மிதப்பதற்குக் காலி பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டினார்கள். ஊரே பட்டறையாக மாறி எண்ணெய்த் தடுப்புகளைச் செய்தது. அந்த வேலையைப் பிள்ளைகள் ஒரு தொட்டியில் செய்து பார்க்கலாம். சமையல் எண்ணெயில் மஞ்சள்தூளைக் குழைத்துத் தண்ணீரில் விடுங்கள். சோகை ஒரு மூட்டை, தேங்காய் நார் ஒரு மூட்டை, பஞ்சு ஒரு மூட்டை. முக்குவதற்கு முன்னும் பின்னும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதட்டும். எது அதிகம் குடித்தது, அதில் எண்ணெய் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சண்டை வரும், வரட்டும். எண்ணெய் குடித்த சோகையை இனி எங்கே போடுவது என்று யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும். அதற்குமேல் சூழல் பாடத்துக்குப் புத்தகம் திறக்கத் தேவையில்லை.

அடுத்து வாக்குவா ஓலை, நம் தாழையின் உறவு. சாக்குகள் வருவதற்கு முன் இந்தத் தீவின் சர்க்கரை இந்த ஓலைப் பைகளில்தான் ஏறிப்போனது. ஓரத்து முள்ளைப் பெரியவர்கள் சீவிக் கொடுத்தால், கீறுவதும் உலர்த்துவதும் முடைவதும் பிள்ளைகள் செய்யலாம். பள்ளி திறந்த கையோடு காவடித் திருநாள் வந்துவிடுகிறது. வளைவு கட்டி, ஓலையும் பூவும் சேர்த்துக் காவடி கட்டத் தெரிந்த தாத்தாக்கள் நம் கோயில்களில் இருக்கிறார்கள். ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து உட்காரவைத்தால், எடை இரண்டு பக்கமும் சமமாக நிற்கக் கயிற்றை எங்கே இறுக்குவது என்று அவர் காட்டிக்கொடுப்பார். வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைக்கு இழு, முடி, அறு, சீவு என்ற தமிழ்ச் சொற்கள் எல்லாம் அந்த மேசையில் கையோடு கையாக வந்துவிடுகின்றன.

மேசைக்கும் ஒரு நோய் உண்டு. பாட்டிலை வெட்டிப் பூவாக்கி, சாயம் பூசி, மினுக்குத்தூள் ஒட்டி, கண்காட்சி முடிந்ததும் வீசிவிடுவது. வெறும் பாட்டிலையாவது மறுசுழற்சிக்கு அனுப்பியிருக்கலாம். சாயம் பூசியதை அனுப்ப முடியாது. இதைச் சூழல் கல்வி என்று அழைப்பதை நான் ஏற்கமாட்டேன். அதனால் ஒரே ஒரு விதி: பசை கடைசி வழி. சொருகு, கட்டு, முளை அடி. பிரிக்க முடிந்தால்தான் அது நல்ல வேலை.

பணம் குறைவென்றால் என் வரிசை இதுதான். முதலில் மேசை, கைக்கருவிகள், அவற்றைவிட முக்கியமாக மூடிபோட்ட அலமாரி. அட்டையைத் திறந்து வைத்தால் ஈரமும் கரப்பானும் தின்றுவிடும். அடுத்த ஆண்டு ஐந்தாறு மைக்ரோபிட். அதுவரை மழையை அளக்க நேரான பாட்டில் ஒன்று போதும்: மேல்பாகத்தை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக்கி, அடியில் கூழாங்கல் போட்டு, கல் மூழ்கும்வரை தண்ணீர் விட்டு அந்த மட்டத்தைச் சுழி என்று குறிக்க வேண்டும். மேட்டுநிலத்துக் கியூர்பிப்பில் ஒரு பள்ளியும் கடலோரப் போர்ட் லூயிஸில் ஒரு பள்ளியும் ஒரே வாரத்தில் அளந்து எண்களைப் பரிமாறிக்கொண்டால், மேட்டுநிலத்தில் மழை எவ்வளவு கூடுதல் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.