பட்டறையில் மாற்றிய கிளட்ச் பிளேட்டும் ஆண்டிபட்டிக் கணவாயும்: பழைய கார் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

எஞ்சின் ஒன்றும் கியர்பாக்ஸ் வேறொன்றுமாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார் உங்களிடம் இருந்தால், அதை கிளட்ச் வேலைக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். மதுரையில் ஒரு பட்டறையில் 9,400 ரூபாய் கொடுத்து, 'புதிய கிளட்ச் பிளேட்' என்று எழுதிய பில்லும் வாங்கிக்கொண்டு, பத்தொன்பதாம் நாள் குடும்பத்தோடு கணவாய்ச் சாலையோரம் நின்றவன் நான். புகார் கொடுத்திருப்பதால் பட்டறையின் பெயரையும் இடத்தையும் இங்கே எழுதவில்லை.

என்னுடையது 1987-ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 4. எஞ்சின் பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின்தான். ஆனால் எனக்கு விற்ற திருமங்கலத்துப் பெரியவர், ஸ்டியரிங் தண்டில் இருந்த நான்கு கியரை எடுத்துவிட்டு, லேத் பட்டறையில் வேலை செய்து, தரையில் கியர் வைத்த ஐந்து கியர் பெட்டி ஒன்றைப் பொருத்தியிருந்தார். அது எந்த வண்டியின் பெட்டி என்று அவருக்கும் நினைவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண் இருக்கும், சேசிஸ் எண் இருக்கும். கியர்பாக்ஸைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. நான் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான்.

கிளட்ச் பிளேட் என்பது இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் போன்றது. அதன் வெளிவட்டம் எஞ்சினோடு சேர்ந்தது. எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலுக்கும், அதன்மேல் அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் அதுதான் நசுங்கிப் பிடிக்கிறது. நடுவில் இருக்கும் பல்வைத்த துளையோ கியர்பாக்ஸோடு சேர்ந்தது. பெட்டியிலிருந்து நீளும் இன்புட் ஷாஃப்டின் பற்களில் அது வழுக்கி ஏற வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டிக்கு இந்த இரண்டும் முன்பே பொருந்தியிருப்பதால், மாடலைச் சொல்லிப் பிளேட் வாங்கிவிடலாம். அம்பாசிடரில் அதுவும் முழுதாகச் செல்லாது. 1489 சிசியில் பெட்ரோலும் உண்டு, டீசலும் உண்டு; 1990-களில் ஜப்பானிய நிறுவனமான இசுசுவின் 1817 சிசி பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் வந்தன; அதன் பிறகு இசுசு டீசலும் வந்தது. மேற்கு வங்கத்து உத்தர்பாரா ஆலையில் 2014-இல் உற்பத்தி நிற்கும்வரை வெளியே ஒரே முகம், உள்ளே பல வண்டிகள். கடையில் போய் 'அம்பாசிடர் பிளேட்' என்று மட்டும் கேட்பவன் எதையும் கேட்காதவனே.

திருப்பரங்குன்றம் மேம்பாலத்தில் ஏறும்போது எஞ்சின் இரைகிறது, வண்டி வேகம் எடுக்கவில்லை, கருகல் வாடை வருகிறது என்று கவனித்துத்தான் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பிளேட் தேய்ந்துவிட்டது என்று அவர்கள் சொன்னது உண்மைதான். மறுநாள் தொலைபேசியில் "மாடல் என்ன சார்?" என்று கேட்டார்கள். நான் ஆர்.சி. புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். கியர்பாக்ஸ் மாற்றிய வண்டி என்று சொல்லவில்லை. அந்தத் தவறு என்னுடையது. ஆனால் பெட்டியைக் கீழே இறக்கி, ஷாஃப்டைக் கண்ணெதிரே வைத்திருந்தவர்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்க வழியில்லை. வண்டியை எடுக்கும்போது பழைய பிளேட்டைக் கேட்டதற்கு, "எடைக்குப் போட்டாச்சு சார்" என்றார்கள்.

முதல் நாளே அடையாளம் தெரிந்தது. முதல் கியரில் நகரும்போது வண்டி முழுவதும் நடுங்கியது. ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று பல் உரசியது. திரும்பிப் போய்ச் சொன்னேன். "புதுப் பிளேட்டு சார், உட்காரணும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பாதி உண்மை எப்போதும் நம்பும்படியாகவே இருக்கும். புதிய லைனிங், அதாவது பிளேட்டின் மேல் உராய்ந்து பிடிக்கும் பட்டை, ஃப்ளைவீல் முகத்தோடு படிந்து உட்காரச் சில நூறு கிலோமீட்டர் ஆகும் என்பது சரிதான். ஆனால் மிதியை அடிவரை அழுத்திய பிறகும் ரிவர்ஸ் உரசினால், பிளேட் எஞ்சினை முழுதாக விடவில்லை என்று பொருள். மாட்டும் முன் அப்படி உரசாத வண்டியில் மாட்டிய அன்றே உரசினால், குற்றத்தை அந்த வேலையில்தான் தேட வேண்டும். அது அன்று எனக்குத் தெரிந்திருந்தால் அவர்கள் வாசலைவிட்டு வண்டியை எடுத்திருக்க மாட்டேன்.

வீரபாண்டிக் கோயிலுக்குப் போகும் வழியில், உசிலம்பட்டி தாண்டிக் கணவாய் ஏறும்போது இரண்டாம் கியரில் 'டங்' என்று ஒரு சத்தம். எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுகிறது, வண்டி மட்டும் அசையவில்லை. பின்னால் பேருந்து. இறங்கித் தள்ளி ஓரம் கட்டினோம். அங்கிருந்து உசிலம்பட்டிக்கு இழுத்து வந்த செலவு தனி.

அங்கே ஒரு வயதான மெக்கானிக் பெட்டியை இறக்கி, பிளேட்டை வெளியே எடுத்து, சாக்கில் துடைத்து என் கையில் கொடுத்தார். "தம்பி, இதுல தலை ஒரு வண்டியோடது, வயிறு ஒரு வண்டியோடது" என்றார். வெளிவட்டம் 1489 சிசி எஞ்சினுக்குரிய புதிய பிளேட். அதன் நடுப்பகுதி என் ஷாஃப்டில் ஏறாததால், அதை உளியால் வெட்டி எடுத்துவிட்டு, பழைய பிளேட்டின் நடுப்பகுதியைக் கழற்றி அதில் வைத்து ரிவெட் அடித்திருக்கிறார்கள். ரிவெட் துளைகள் பொருந்தாமல் நீள்வட்டமாக அகலப்படுத்தப்பட்டிருந்தன. நடு மையத்தில் இல்லை, தட்டும் நேராக இல்லை. நடுக்கத்துக்கும் கரகரப்புக்கும் காரணம் அதுதான். ஏற்றத்தில் சுமை வந்ததும் ரிவெட்டுகள் ஒவ்வொன்றாக அறுந்து, வெளிவட்டம் எஞ்சினோடு சுற்ற, நடு மட்டும் ஷாஃப்டில் சும்மா நின்றுவிட்டது.

"எடைக்குப் போட்டாச்சு" என்பதன் பொருளும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பழைய பிளேட் எடைக்குப் போகவே இல்லை. அதன் வயிறு என் வண்டிக்குள்ளேயே இருந்தது. நடுப்பகுதி நன்றாக இருக்கும் பிளேட்டுக்குப் புதிய லைனிங் மட்டும் அடித்துக் கொடுப்பது நெடுங்காலமாக நடக்கும் ஒழுங்கான வேலை, செலவும் குறைவு. அதைச் சொல்லிச் செய்திருந்தால் நான் நன்றி சொல்லியிருப்பேன். அதைச் செய்யாமல், வெட்டி ஒட்டியதைப் புதியது என்று எழுதிப் பணம் வாங்கியதைத்தான் மோசடி என்கிறேன்.

"இப்ப என்ன செய்றதுண்ணே?" என்று கேட்டேன். அவர் பெட்டியையும் பிரஷர் பிளேட்டையும் குட்டியானையில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார். வேடிக்கையாகத்தான் இருந்தது, ஆனால் கடைக்காரர் பிளேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வந்து ஷாஃப்டில் ஏற்றிப் பார்த்தபோது அதன் அருமை விளங்கியது. பல்லின் எண்ணிக்கை சரியாக இருந்தும் ஒன்று ஏறவில்லை, ஏனென்றால் ஷாஃப்டின் பருமன் வேறு. இன்னொன்று ஏறியது, ஆனால் கையால் திருப்பினால் ஆடியது. அப்படி ஆடும் பிளேட் ஷாஃப்டின் பல்லையே தின்றுவிடும் என்றார் மெக்கானிக். மூன்றாவது வழுக்கிக்கொண்டு ஏறியது, ஆடவும் இல்லை, ஆனால் வெளிவட்டம் பிரஷர் பிளேட்டைவிடச் சிறியது. பதினொரு நாள் கழித்துத்தான் எல்லாம் பொருந்திய ஒன்று கிடைத்தது. அதையும் மாட்டும் முன் ஃப்ளைவீலில் வைத்து, நடுவின் மேடு போல்ட் தலைகளில் இடிக்கிறதா என்று சுற்றிப் பார்த்தார். அது எந்த வண்டியின் பிளேட் என்று வேண்டுமென்றே எழுதவில்லை. அந்தப் பெயரைக் கேட்டு வேறு பெட்டி வைத்திருப்பவர் வாங்கினால், நான் ஆர்.சி. புத்தகத்தை அனுப்பிய கதைதான் மறுபடியும் நடக்கும்.

ஆகவே, பெட்டியை இறக்கும் நாளில் அங்கேயே இருங்கள். பழைய பிளேட்டை உடனே கையில் வாங்கி, அதையும் புதியதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்பதற்கு அந்தத் தேய்ந்த தட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை. புதியதை ஷாஃப்டில் கையால் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். அரத்தைத் தேடினாலோ சுத்தியலைத் தேடினாலோ வேலையை நிறுத்துங்கள். இதற்குக் கோபித்துக்கொள்ளும் பட்டறையில் வண்டியை விடாமல் இருப்பதே நல்லது, ஏனென்றால் பிளேட்டின் விலையைவிடப் பெட்டியை மறுபடி இறக்கி ஏற்றும் கூலிதான் உங்களை வாட்டும்.

முதல் பட்டறையில் உடைந்த பிளேட்டைக் காட்டியபோது, பில்லின் அடியில் அச்சடித்திருந்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற வரியைக் காட்டினார்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும், பில்லில் கெடு குறிப்பிடாதபோது முப்பது நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தராததும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறைதான். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்தேன். பிளேட்டின் விலை 2,850 ரூபாயைத் தருகிறோம், கூலியைத் தர முடியாது என்று அவர்களிடமிருந்து ஆள் வந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணமும் இல்லை. அதற்கு முன்னதாக, படங்களோடும் பில்லின் நகலோடும் ஓர் அறிவிப்பை விரைவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உடைந்த பிளேட்டும் அறுந்த ரிவெட்டுகளும் சாக்கில் கட்டி டிக்கியில் இருக்கின்றன. ஆணையத்தில் வைக்கும்வரை அவை அங்கேயே இருக்கும்.