கேட்கக் கற்றுத்தருகிறார்கள், பதில் சொல்ல?

வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். ஏதாவது ஒன்றை விசாரித்து மெயில் எழுதவும், அப்படி வந்த மெயிலுக்குப் பதில் போடவும் சொல்லித்தர ஒரு பாடத்தொகுப்பு வேண்டும் என்று தேடி, இணையத்தில் விற்கும் ஒன்றை வாங்கி, இரண்டு மாதம் வகுப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். 12 பாடங்கள், ஆசிரியர் கையேடு, பயிற்சித் தாள்கள், மாணவர் எழுதியதைத் தானே திருத்தி மதிப்பெண் போடும் ஒரு கருவி, இவ்வளவும் உண்டு. (‘விசாரணை மின்னஞ்சல்’ என்று எழுதினால் காவல் நிலைய ஞாபகம் வருகிறது, அதனால் இனி என்கொயரி மெயில் என்றே வைத்துக்கொள்கிறேன்.) நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அடுத்த பத்தியே புகார்தான்.

வாங்குவதற்கு முன் அவர்களுக்கே ஒரு மெயில் போட்டேன். மூன்று கேள்விகள்: எத்தனை மாணவர்களுக்குப் பிரதி எடுக்கலாம், எந்த நிலை மாணவர்களுக்கு ஏற்றது, திருத்தும் கருவி பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலையும் அமெரிக்க எழுத்துக்கூட்டலையும் ஏற்குமா. மறுநாளே பதில் வந்தது. ஆர்வத்துக்கு நன்றி, மேலும் சந்தேகம் இருந்தால் தயங்காமல் எழுதுங்கள், அன்புடன் என்று எல்லாம் முறையாக இருந்தது, ஆனால் முதல் கேள்விக்கு மட்டும்தான் விடை. மறுபடி எழுதினேன், இரண்டாவதற்கும் விடை வந்தது. மூன்றாவது இன்றைக்கு வரை வரவில்லை. மெயிலுக்குப் பதில் எழுதச் சொல்லித்தருகிறவர்கள் இவர்கள்! அப்போதே யோசித்திருக்க வேண்டும், ஆனால் மாதிரிப் பாடம் ஒன்று மிக நன்றாக இருந்ததால் வாங்கிவிட்டேன்.

அந்த மாதிரிப் பாடம் பணிவைப் பற்றியது. தமிழில் ‘விவரங்களை அனுப்புங்கள்’ என்றால் அந்த ‘ங்கள்’ மரியாதையைச் சுமந்துகொள்ளும், மேலே ஒன்றும் சேர்க்க வேண்டாம். அதையே ‘செண்ட் மீ த டீடெய்ல்ஸ்’ என்று மாற்றினால் ஆங்கிலத்தில் அந்த ‘ங்கள்’ விழுந்துவிடுகிறது, படிப்பவருக்கு அதட்டல் போலக் கேட்கிறது. ‘ப்ளீஸ்’ ஒட்டினாலும் பாதிதான் சரியாகும். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே ‘யூ’ என்பதால் மரியாதை முழுவதும் ‘குட் யூ’, ‘வுட் இட் பி பாசிபிள்’ போன்ற வாக்கிய அமைப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. கையேட்டில் தமிழ் பற்றி ஒன்றும் இல்லை, இந்த ஒப்பீடு நான் சேர்த்தது. ஆனால் ஒரே கோரிக்கையை ஐந்து விதமாக எழுதிவிட்டு எது யாருக்குப் பொருந்தும் என்று மாணவர்களையே வாதாட விடும் பயிற்சி அவர்களுடையது, அது அருமை.

அடுத்த பாடமும் அதே தரம். ‘வென் டஸ் த கோர்ஸ் ஸ்டார்ட்?’ என்று கேட்கத் தெரிந்தவர், பணிவாகக் கேட்கப் போய் ‘குட் யூ டெல் மீ வென் டஸ் த கோர்ஸ் ஸ்டார்ட்?’ என்று எழுதிவிடுவார். ‘வென் த கோர்ஸ் ஸ்டார்ட்ஸ்’ என்று வர வேண்டும். தமிழில் ‘வகுப்பு எப்போது தொடங்கும்’ என்பதை அப்படியே வைத்து ‘என்று சொல்ல முடியுமா’ என்று ஒட்டினால் போதும், உள்ளே எதுவும் நகராது, அதனால் நம் ஆட்களுக்கு இந்தத் தப்பு சட்டென்று கண்ணில் படுவதில்லை. ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பதற்குப் பிறகு ‘ஹியர்’ இல்லை ‘ஹியரிங்’ என்பதையும் இந்தப் பாடத்திலேயே பழக்கிவிடுகிறார்கள். அலுக்கும் அளவுக்குப் பயிற்சி, ஆனால் பலன் இருக்கிறது.

ஏழாவது பாடத்தில் வரும் மாற்றிக்கொள்ளும் பயிற்சிக்காக மட்டுமே இதை இன்னொரு முறை வாங்குவேன். ஒருவர் எழுதிய என்கொயரி இன்னொருவர் கைக்குப் போகும், அவரிடம் நிறுவனத்தின் விவரத் தாள் இருக்கும், அதை வைத்துப் பதில் எழுத வேண்டும். ஒருவர் ‘ஐ வாண்ட் டு ஜாயின் யுவர் கோர்ஸ், செண்ட் டீடெய்ல்ஸ்’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிட்டார். விவரத் தாளில் காலை வகுப்பு, மாலை வகுப்பு, தொடக்க நிலை, இடைநிலை என்று நாலு வகை. எதைப் பற்றிச் சொல்வது என்று தெரியாமல் பதில் எழுதுகிறவர் திரும்பக் கேட்டார், அவர் திரும்ப எழுதினார், மூன்று மெயில் ஓடிய பிறகுதான் ஒரு தேதி தெரிந்தது. விவரம் போதவில்லை என்று நான் எத்தனை தடவை சிவப்பு மையில் எழுதியிருப்பேன், அது செய்யாததை இந்த மூன்று மெயில் செய்துவிட்டது.

சரி, குறைக்கு வருகிறேன். முதல் மூன்று பாடம் முழுக்கப் பழைய காகிதக் கடித வாசனை. ‘டியர் சர் ஆர் மேடம்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’, பெயர் போட்டுத் தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. விதி சரிதான், தெரிந்திருக்கட்டும், ஆனால் அதற்கு ஒரு பாடம் முழுவதுமா? ‘கைண்ட் ரிகார்ட்ஸ்’ போட்டு முடிக்கும் மெயில்கள்தான் இவர்களுக்குத் தினமும் வருகின்றன. சப்ஜெக்ட் வரியில் வெறும் ‘என்கொயரி’ என்று போடாமல் எதைப் பற்றி என்று எழுதுவதற்கு அரைப் பக்கம்தான்.

பதில் எழுதும் பகுதிக்கு 12-ல் நாலே பாடம், அதிலும் பாதி சொற்றொடர்ப் பட்டியல். ‘முடியாது’ என்று எழுதுவது எப்படி என்பதைக் காணவே காணோம். என் மாணவர்களுக்கு மிகக் கஷ்டமானது அதுதான். கேட்டது இல்லை என்றால் சிலர் அதைச் சொல்லாமலே நன்றி, வணக்கம் என்று மெழுகிவிடுகிறார்கள், சிலர் ‘இட் இஸ் நாட் பாசிபிள்’ என்று கதவைச் சாத்துகிறார்கள். ‘அன்ஃபார்ச்சுனேட்லி’ என்று தொடங்கி, இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லி, வேறு என்ன கிடைக்கும் என்று அடுத்த வரியில் காட்டும் பழக்கத்துக்கு நானே தாள் தயாரித்தேன்.

திருத்தும் கருவியைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சோதிக்கவென்றே இரண்டு பதில் எழுதிப் போட்டேன். ஒன்றில் பட்டியல் சொற்றொடர்கள் எல்லாம் இருந்தன, கேட்ட தேதி மட்டும் இல்லை. அதற்கு 10-க்கு 9. இன்னொன்று நாலு வரி, எல்லாக் கேள்விக்கும் விடை. அதற்கு 5.

தேர்வு வைப்பவர்கள்கூட இப்படிச் செய்வதில்லை. கேம்பிரிட்ஜின் இடைநிலை ஆங்கிலத் தேர்வான பி1 பிரிலிமினரியின் எழுத்துத் தேர்வில் முதல் பகுதியே ஒரு மெயிலைப் படித்து, அதன் ஓரத்தில் இருக்கும் நாலு குறிப்புக்கும் பதில் வரும்படி சுமார் 100 சொல்லில் எழுதுவதுதான். மொழிக்குத் தனி மதிப்பெண், உள்ளடக்கத்துக்குத் தனி மதிப்பெண், கேட்டதை விட்டால் உள்ளடக்கத்தில் குறையும். வெளிநாட்டு வேலைக்கும் குடியேற்றத்துக்கும் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஈஎல்டிஎஸ் ஜெனரல் டிரெயினிங்கில் குறைந்தது 150 சொல்லில் எழுதும் கடிதத்துக்கும் மூன்று குறிப்பு கொடுத்து, மூன்றையும் தொட்டாயா என்றும் பார்க்கிறார்கள். இந்த இரண்டு தேர்வுக்கும் தயார்செய்யும் என்று விளம்பரத்தில் போட்டுக்கொண்டு கருவியை இப்படி விட்டிருப்பது எனக்குப் புரியவில்லை.

கடைசியில் நான் செய்தது இது. அவர்கள் எனக்கு அனுப்பிய முதல் பதிலை, பெயர் முகவரி எல்லாம் அழித்துவிட்டு, என் கேள்வி மெயிலோடு சேர்த்து வகுப்பில் கொடுத்தேன். ‘இங்கிலீஷ் நல்லா இருக்கு சார்’ என்றார்கள் முதலில். அப்புறம் பின்வரிசையில் ஒருவர் பேனாவால் கேள்விகளை எண்ணிப் பார்த்து, ‘மூணு கேட்டிருக்காங்க, ஒண்ணுதானே சொல்லியிருக்காங்க’ என்றார். இப்போது பதில் எழுதி முடித்ததும் எல்லோரும் கேள்விக்கு ஒரு டிக் போட்டுப் பார்க்கிறார்கள்.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று, அதில் இரண்டு அந்த ஏழாவது பாடத்துக்கு. ஆசிரியராக இருந்தால் வாங்கலாம், முதல் மூன்று பாடத்தை ஒரே வகுப்பில் முடித்துவிட்டு நாலாவதிலிருந்து தொடங்குங்கள், பதில் எழுதும் பகுதிக்குச் சொந்தத் தாள் தயாராக இருக்கட்டும். தனியாகப் படிக்கிறவர்கள் வாங்க வேண்டாம், மாற்றிக்கொள்ள எதிரே ஆள் இல்லாவிட்டால் மிஞ்சுவது அந்தக் கருவிதான்.