பழைய மடிப்புக் கேமராவுக்கு எந்த பிலிம்: எஃப்பி4-ஆ, எச்பி5-ஆ?

கறுப்பு வெள்ளை ரோல் எது வாங்கலாம் என்று கேட்டால், பெரும்பாலும் 400 வேகம்தான் பதிலாக வரும் (பிலிம் ஒளியை உணரும் திறன்தான் அதன் வேகம், அதாவது ஐஎஸ்ஓ எண்). இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ், கோடாக் ட்ரை-எக்ஸ் இரண்டும் அந்த ரகம். 1/1000 நொடி ஷட்டர் உள்ள எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கேமரா) என்றால் நானும் அதையே சொல்வேன். பெல்லோஸ் (மடியும் துருத்தி) வைத்த பழைய மடிப்புக் கேமராவுக்கு மட்டும் என் ஓட்டு 125 வேக எஃப்பி4 பிளஸுக்கு.

காரணம் ஷட்டர். நெட்டார், ஐசோலெட் போன்ற மடிப்புக் கேமரா ரகங்களில் பலவற்றுக்கு உச்ச வேகமே 1/200 அல்லது 1/300. நல்ல வெயிலில் லென்ஸ் துவாரத்தை எஃப்/16-இல் (எண் கூடக் கூடத் துவாரம் சுருங்கும்) வைத்தால் பிலிமின் ஐஎஸ்ஓ எண்தான் ஷட்டர் வேகம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அதன்படி எச்பி5-க்கு 1/400 வேண்டும். உச்சமே 1/200 என்றால் துவாரத்தை எஃப்/22-க்குச் சுருக்கியாக வேண்டும். அவ்வளவு சிறிய துவாரத்தில் ஒளி விளிம்பில் வளைந்து கூர்மை குறையும். பின்னணியை மங்கலாக்கவும் வழியில்லை. வயதான ஷட்டர் எழுதியிருப்பதைவிட மெதுவாக ஓடினால் நிலைமை இன்னும் மோசம். எஃப்பி4-இல் அதே வெயிலுக்கு 1/200, எஃப்/11 போதும். மஞ்சள் ஃபில்டர் போட்டால் எஃப்/8. இந்தக் கேமராக்களின் மூன்று கண்ணாடி லென்ஸ்கள் மிக அழகாக வரைவது இந்த இடத்தில்தான். அந்த நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும்போது வரும் சந்தோஷமே தனி!

கிரெயினில் (படத்தில் தெரியும் மணல் போன்ற புள்ளிகள்) எஃப்பி4 மென்மையானது. ஆனால் 6x6 செ.மீ. அளவுள்ள பெரிய நெகட்டிவில் அதைப் பெரிதாக எண்ண வேண்டாம்.

பட எண்ணைப் பார்க்கும் பின்பக்கச் சிவப்பு ஜன்னலையும் கவனியுங்கள். சிவப்பொளி படாத பழைய பிலிம்களுக்காக வந்த ஏற்பாடு அது. இன்றைய பிலிம்கள் சிவப்பையும் பார்க்கும். பிலிம் வேகம் கூடினால், ஜன்னல் வழி ஒளி படும் ஆபத்தும் கூடும். எதைப் போட்டாலும் நிழலில் நின்று பிலிமைச் சுற்றுங்கள். (சிவப்பைப் பார்க்காத இல்ஃபோர்டு ஆர்த்தோ பிளஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் உதடுகள் கறுத்து விழும்.)

பொழுது சாய்ந்தால் கதை வேறு. வீட்டு விளக்கில் எஃப்/4.5 லென்ஸை முழுதாகத் திறந்தாலும் எஃப்பி4 கால் நொடி கேட்கும். கையில் பிடித்து எடுக்க முடியாது. எச்பி5-ஐ 1600-க்குத் தள்ளி (1600 வேகம் என்று வைத்து எடுத்து, கூடுதல் நேரம்) டெவலப் செய்தால் 1/50 கிடைக்கும். அங்கே அதற்கு ஈடில்லை. ரோலுக்கு 12 படம்தானே? எஃப்பி4-ஐ வெயில் இருக்கும்போதே முடித்துவிட்டு, அப்புறம் எச்பி5 போட்டுக்கொள்கிறேன்.