தண்ணீரில் கரையும் சலவைப் பை: வாங்குமுன் மெஷினின் முதல் தண்ணீரைப் பாருங்கள்

ரத்தமும் மலமும் பட்ட விரிப்பை வார்டிலிருந்து வாஷிங் மெஷின் வரை யாரும் இரண்டாம் முறை தொடாமல் கொண்டுபோகத்தான் இந்தப் பை. கட்டிலருகிலேயே துணியைப் போட்டு வாயைக் கட்டினால், சலவைக்கூடத்தில் அவிழ்க்காமல் அப்படியே டிரம்முக்குள் தள்ளலாம். வார்டில் துணியை உதறுவது, வாளியில் ஊறவைத்து அலசுவது எல்லாம் நின்றுபோகும். பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் தொற்றுத் துணிக்கு இது வெகுநாள் வழக்கம்.

பையின் பொருள் பாலிவினைல் ஆல்கஹால். நெசவில் பாவு நூலுக்குப் போடும் செயற்கைக் கஞ்சியும் இதே சரக்குதான். தயாரிப்பு முறையைப் பொறுத்து ஒரு ரகம் பச்சைத் தண்ணீரிலேயே கரையும். இன்னொன்று ஏறக்குறைய 60, 65 டிகிரிக்கு மேல்தான் கரையும். மூன்றாவது ரகத்தில் பை சாதாரண பிளாஸ்டிக். ஓரத் தையலோ கட்டும் பட்டையோ மட்டும் கரையும்.

பச்சைத் தண்ணீர் ரகம் மருத்துவமனைக்கு ஆகாது. ஈரத் துணியைப் போட்ட சிறிது நேரத்தில் உள்ளிருந்தே பிசுபிசுக்க ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீர் இருக்கும் சூட்டுக்குக் கேட்கவே வேண்டாம்.

வெந்நீர் ரகம் ஈரத்தைத் தாங்கும். அடுத்த வேளை சலவைவரை காத்திருக்கும். சிக்கல் ரத்தக் கறையில். ரத்தத்திலுள்ள புரதம் சூட்டில் உறைந்து நூலில் பிடித்துக்கொள்ளும் என்பதால்தான் முதல் அலசலை 40 டிகிரிக்குக் கீழே வைக்கிறோம். அந்த அலசலில் இந்தப் பை திறக்காது. சூடு ஏறும்போதுதான் திறக்கும். அப்போது கறை அலசப்படாது, வெந்துவிடும். ரத்தம் அதிகம் வரும் பிரசவ வார்டுக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் பட்டை கரையும் ரகமே எங்கள் தேர்வு. முதல் அலசலிலேயே வாய் திறந்துவிடும்.

அதற்கும் ஒரு தொல்லை உண்டு. சலவை முடிந்ததும் பிளாஸ்டிக் உறையைத் தேடி எடுக்க வேண்டும். தப்பிய ஒரு துண்டு ட்ரையரிலோ இஸ்திரி உருளையிலோ உருகி ஒட்டினால் அன்றைய வேலை போச்சு.

எந்த ரகமானாலும் பையை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். கழுத்தைத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கி முடிச்சுப் போட்டால் அந்த இடத்தில் தண்ணீர் புகாமல் கோந்துக் கட்டியாக நிற்கும். கையுறை ஈரமாக இருந்தால் பை ஒட்டிக் கிழியும். கட்டிய பை இன்னொரு கெட்டியான வெளிப்பைக்குள் போக வேண்டும்; இது தனியாகத் தூக்கிச் செல்லும் பை அல்ல. ஊசி, கத்தி முனையை எந்த ரகமும் தடுக்காது. துணியில் அவை சிக்கியிருக்கிறதா என்று வார்டிலேயே பார்த்தாக வேண்டும், ஏனென்றால் அதன்பின் பையை யாரும் திறக்கப்போவதில்லை.

டிரம்மைத் திணிக்காமல் நிரப்புங்கள். பிரிட்டிஷ் வழிகாட்டுதலில் கிருமி நீக்கத்துக்கு 65 டிகிரியில் 10 நிமிடம், அல்லது 71 டிகிரியில் 3 நிமிடம். அதோடு சூடு துணி முழுக்கப் பரவ 4 நிமிடம், நிறையத் துணி இருந்தால் 8 நிமிடம் சேர்க்கச் சொல்கிறார்கள். 40 டிகிரி சலவையில் வெந்நீர்ப் பையைப் போட்டுவிட்டு ‘கரையவில்லை’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் அர்த்தமில்லை.

சரியான சூட்டிலும் கரையாமல் வழவழவென்று நின்றால் சலவைத்தூளைச் சந்தேகப்படுங்கள். போராக்ஸ் இருந்தால் அது இந்தப் பொருளோடு சேர்ந்து களியாகும். பிள்ளைகள் கோந்தில் செய்யும் ‘ஸ்லைம்’ இதே வேதியியல்தான். களி ஒட்டிய துணியை ட்ரையரில் போட்டால் கஞ்சி போட்ட வேட்டிபோல் விறைக்கும். முதலில் தூள் போடாமல் வெந்நீரில் ஒருமுறை ஓட்டுங்கள்.

விலை சாதாரண பிளாஸ்டிக் பையைவிடப் பல மடங்கு. கட்டைப் பிரித்துவிட்டு ஈரக் காற்றில் விட்டால் பைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். எடுத்ததும் உறையை மூடி வையுங்கள். மொத்தமாக வாங்குமுன் மாதிரிப் பையிலிருந்து இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைக் குழாய்த் தண்ணீரிலும் மற்றதை 65 டிகிரி வெந்நீரிலும் போட்டுக் கிளறுங்கள். பட்டை ரகமென்றால் பட்டையிலிருந்து வெட்டுங்கள். எது எத்தனை நிமிடத்தில் கரைகிறது என்று குறித்து, உங்கள் மெஷினின் முதல் அலசல் சூட்டோடு ஒப்பிட்ட பிறகு ஆர்டர் கொடுங்கள்.