வீட்டுக் கடன் தந்த வங்கிக் கிளை: நான்கு ஆண்டு அனுபவம்

2021 ஜூலையில் திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் இரண்டு படுக்கையறை கொண்ட ஓர் அடுக்குமாடி வீட்டை 32 லட்சம் ரூபாய்க்கு வாங்கினோம். அதில் 25 லட்சத்தை 20 ஆண்டுக் கடனாகத் தந்தது எங்கள் பகுதியில் உள்ள ஓர் அரசுடைமை வங்கிக் கிளை. அந்தக் கிளையின் வீட்டுக் கடன் சேவையைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்த வங்கி என்று சொல்லப்போவதில்லை. நான் பட்ட சிரமம் வேறு கிளைகளில் கடன் வாங்கியவர்களுக்கும் நேரக்கூடியது என்பதே காரணம்.

வட்டி 7 விழுக்காடு, மாதத் தவணை 19,382 ரூபாய். நான் சரக்குப் பெட்டக நிறுவனம் ஒன்றிலும், மனைவி தனியார் பள்ளியிலும் வேலை பார்த்து, பிடித்தம் போக அப்போது வீட்டுக்குக் கொண்டுவந்தது 58,000 ரூபாய். ஆக, மூன்றில் ஒரு பங்கு கடனுக்குப் போயிற்று.

கடன் அனுமதிக்கும் கட்டத்தில் இந்தக் கிளையைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எங்கள் பகுதியில் கோயில் மனைகளும் பட்டா பிரிக்கப்படாத மனைகளும் உண்டு என்பதால், வங்கியின் வழக்கறிஞர் மூலப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி ஆகியவற்றை வரி விடாமல் பார்த்தார். மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் வீண் என்று நான் நினைக்கவில்லை. சம்பளத்தில் பாதி வரை தவணைக்கு ஒதுக்கலாம் என்பது கிளையின் கணக்கு. 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 விழுக்காடு வரை தரலாம் என்ற ரிசர்வ் வங்கி வரம்பின்படி, 28 லட்சத்துக்கு மேலும் கிடைக்கும் என்று அதிகாரி சொன்னார். நாங்கள் 25 லட்சத்தோடு நிறுத்திக்கொண்டோம். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் ஆகியவற்றைக் கடனில் சேர்க்க முடியாது என்பதால், சேமிப்போடு மனைவியின் நகைகள் சிலவற்றையும் விற்றோம். அடகு வைத்திருந்தால் அந்த வட்டியும் இதே சம்பளத்திலிருந்துதான் போயிருக்கும். சம்பளத்தில் பாதி என்ற வங்கியின் கணக்கில் அது தெரிந்திருக்காது.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. 2019 அக்டோபர் முதல், வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்க வேண்டும். எங்கள் கடன் ரெப்போவுக்கு மேல் 3 விழுக்காடு. நாங்கள் வாங்கியபோது ரெப்போ 4 விழுக்காடு. 2022 மே மாதம் ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரியில் 6.50 ஆயிற்று. எங்கள் வட்டி 9.50 ஆனது. ஆனால் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி கணக்கிலிருந்து போன தொகை அதே 19,382தான். விலைவாசி ஏறிய அந்த ஆண்டில் தவணை மட்டும் ஏறவில்லையே என்று நிம்மதியாகவே இருந்துவிட்டோம். கிளையிலிருந்து ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை.

2023 மார்ச்சில் வருமான வரிக்காக வட்டிச் சான்று வாங்கப் போனபோதுதான் கணக்கு விவரத்தை முழுமையாக அச்சிட்டு வாங்கினேன். 2021இல் முதல் தவணையில் வட்டிக்கு 14,583 ரூபாயும் அசலுக்கு 4,799 ரூபாயும் போயிருந்தன. கடைசி வரியில் வட்டி ஏறத்தாழ 19,200; அசலில் கழிந்தது 200 ரூபாய்கூட இல்லை. நிலுவை 24 லட்சத்து 25 ஆயிரத்தை ஒட்டி நின்றது. இருபது மாதம் ஒரு நாள் தவறாமல் கட்டியதில் அசல் 75,000 ரூபாய்தான் குறைந்திருந்தது. தாளை இரண்டு முறை மடித்துப் பிரித்துப் பார்த்துவிட்டு, "மேடம், இந்த வேகத்தில் கடன் எப்போது முடியும்?" என்று அங்கிருந்த அதிகாரியிடம் கேட்டேன். அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, "தவணையைக் கூட்டாமல் காலத்தை நீட்டியிருக்கிறது சார், சிஸ்டமே செய்துவிடும்" என்றார். திரையில் இருந்த முடிவுத் தேதி நான் ஓய்வு பெறும் ஆண்டைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது.

அன்று அந்த அதிகாரி நடந்துகொண்ட விதத்தை மறக்க மாட்டேன். பழைய முடிவுத் தேதியான 2041க்குள் கட்ட வேண்டுமானால் தவணை எவ்வளவு ஆகும் என்று அங்கேயே கணக்கிட்டு, 23,311 ரூபாய் என்று எழுதித் தந்தார். கடிதம் கொடுத்த அடுத்த மாதமே மாற்றிவிட்டார். கேட்டவுடன் செய்து தந்தார்கள். நான் கேட்கும்வரை யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் மனக்குறை.

தவணை கூடியதும் கடனின் பங்கு சம்பளத்தில் 40 விழுக்காடாயிற்று. மூன்றில் ஒன்றுக்கும் ஐந்தில் இரண்டுக்கும் தாளில் அதிக வித்தியாசம் தெரியாது, வீட்டில் தெரியும். எங்கள் அம்மா வீட்டுக் கணக்கை ஒரு நீள நோட்டில் எழுதுகிறார். முதல் வரி எப்போதும் "லோன்", அடுத்தது பால், அதற்கடுத்தது அடுக்குமாடிப் பராமரிப்புக் கட்டணம். அந்த மாதம் மகளின் நடன வகுப்பு வரியை அவர் அடித்திருந்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை; அவராகவே கூட்டிப் பார்த்து அடித்திருந்தார். ஓராண்டு கழித்துச் சம்பளம் கொஞ்சம் உயர்ந்த பிறகுதான் அவளை மீண்டும் வகுப்பில் சேர்த்தோம்.

2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி இதற்கென்றே ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வதா என்று தீர்மானிக்கும் வாய்ப்பைக் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும். கட்டிய அசல், வட்டி, மீதமுள்ள தவணைகள் ஆகியவற்றைக் காட்டும் அறிக்கையைக் காலாண்டுதோறும் தர வேண்டும். பழைய கடன்களுக்கும் இது பொருந்தும். அதன் பிறகு எங்கள் கிளையும் அறிக்கையை ஒழுங்காக அனுப்புகிறது. ஆங்கிலத்தில் மட்டும் வருவதால் அம்மாவால் படிக்க முடிவதில்லை. நான் மூன்று எண்களை வட்டமிட்டுக் கொடுக்கிறேன்.

2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரெப்போ 5.50க்கு இறங்கியதால் எங்கள் வட்டி 8.50 ஆகிவிட்டது. தவணையைக் குறைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நாங்கள் 23,311லேயே இருந்துவிட்டோம். 8.50 வட்டியில், அந்தத் தவணையில் ஏறத்தாழ 7,100 ரூபாய் அசலில் கழிந்தது. இப்படியே போனால் 2041க்கு இரண்டு ஆண்டு முன்னதாகவே, ஏறக்குறைய, கடன் அடையும். முன்கூட்டிக் கட்டினாலும் தண்டம் கிடையாது. தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு வங்கிகள் அதை வாங்கக்கூடாது. சென்ற தீபாவளி போனஸில் 20,000 ரூபாய் கட்டினேன், பத்து நிமிடத்தில் ரசீது கிடைத்தது.

கடனோடு சேர்த்துத் தர முயன்ற காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே தவணைப் பிரீமியத்தைக் கடனிலேயே ஏற்றிவிடும் திட்டம் அது. கட்டாயமா என்று கேட்டேன், இல்லை என்றார்கள். தனியாக ஒரு டேர்ம் காப்பீடு, அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு, எடுத்துக்கொண்டோம்.

கடன் தரும் சேவைக்கு ஐந்துக்கு நான்கு, தந்த பிறகான சேவைக்கு ஐந்துக்கு இரண்டு என்று மதிப்பிடுகிறேன். இரண்டாவதை மூன்றாக்கிக்கொள்ள அவர்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. புதிதாக வருபவர்களுக்கு ரெப்போவுக்கு மேல் 3 விழுக்காட்டைவிடக் குறைவாகவே சேர்க்கிறார்கள் என்று அதே அதிகாரியிடமிருந்து தெரிந்துகொண்டேன். நான்கு ஆண்டு ஒரு தவணையும் தவறாத எங்களுக்கும் அதே விகிதம் வேண்டும் என்று விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். மாற்றுவதற்கு ஒரு கட்டணம் உண்டு. சில மாத வட்டிக் குறைவிலேயே அது ஈடாகிவிடும். வரும் திங்கட்கிழமை கிளைக்குப் போகிறேன்.